போத்தலுக்குள் கௌபி வண்டு: பெண் வண்டைச் சாகடிக்கும் தவறுகள்

வன்னியில் கௌபி (தட்டைப்பயறு) வண்டைத் தேடி அலையத் தேவையில்லை. விதைக்கென்று கட்டிவைத்த சாக்கை அவிழ்த்தால் போதும், ஒவ்வொரு பயற்று மணியிலும் துளை. செயற்றிட்டம் செய்யும் மாணவர்கள் இதையே போத்தலில் வளர்ப்பதற்கும் அதுதான் காரணம்.

அவர்கள் விடும் பெரிய பிழை, ஆணையும் பெண்ணையும் சாகும்வரை ஒரே போத்தலில் விட்டுவிடுவது. ஆணின் புணர்ச்சி உறுப்பின் நுனி முழுவதும் முள். அது பெண்ணின் உட்பாதையைக் குத்திக் கிழிக்கிறது. இணைந்த சற்று நேரத்தில் பெண் பின்னங்கால்களால் ஆணை உதைப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். ஒரு மாணவர் குறிப்பேட்டில் இதை 'விளையாட்டு' என்று எழுதியிருந்தார்! 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், உதைக்க முடியாமல் செய்யப்பட்ட பெண்களுக்குப் புணர்ச்சி நீண்டது, காயமும் கூடியது. வெளியில் என்றால் ஓடித் தப்பலாம். மூடிய போத்தலில் எங்கே போவது? ஒருமுறை இணைந்ததும் ஆணை எடுத்துவிடுங்கள். முட்டையிட அதுவே பெரும்பாலும் போதும்.

தண்ணீர் வைக்காமல் விடுவது அடுத்த பிழை. வளர்ந்த வண்டுக்கு இரை தேவையில்லைதான். ஆனால் விந்தோடு நீரும் கிடைப்பதால், தாகமெடுத்த பெண் மறுபடியும் ஆணிடம் போகிறது. நனைத்த பஞ்சு ஒரு துண்டு வையுங்கள். தானியத்தில் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், கவனம்.

ஆண் எது, பெண் எது என்று அறிய முதுகின் பின்முனைத் தட்டைப் பாருங்கள்: பெண்ணுக்கு இரு பக்கமும் கரிய பட்டை உண்டு, ஆணுக்கு இல்லை. ஆனால் காலையில் போத்தலில் பிடித்த பெண்ணைக் கன்னி என்று எண்ணிவிடாதீர்கள், இரவே இணைந்திருக்கும். வண்டு வெளிவரப் போகும் இடத்தில் மணியின் தோலில் வட்டமான மங்கல் 'சன்னல்' தெரிந்ததுமே அந்த மணியைத் தனிக் குப்பியில் போட வேண்டும்.

இனி, மாணவர்கள் எழுதும் முடிவுரை. 'கன்னி வண்டு அதிக நாள் வாழ்ந்தது, எனவே புணர்ச்சி கொல்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கன்னி வண்டு முட்டையும் குறைவாகவே இடுகிறது. இரை தின்னாத உடலுக்கு முட்டையும் பெரிய செலவு. பழ ஈயில் விந்துப் பாயத்தின் புரதங்களே பெண்ணின் ஆயுளைக் குறைப்பதை 1995இல் காட்டினார்கள், ஆனால் அதற்கு முட்டைச் செலவைப் பிரித்துப் பார்த்தார்கள். நீங்களும் முட்டைகளை எண்ணுங்கள்; மணியின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் போத்தலை முற்றத்தில் கொட்ட வேண்டாம். சில நாள் உறைகுளிரில் வைத்துவிட்டுப் புதையுங்கள், வீட்டில் விதைச் சாக்கு இருக்கிறது.