வால்வு ஆம்ப்பில் கிரவுண்டை எங்கே பிடிப்பது

1950-களின் ஃபெண்டர் கம்பெனி பாணியில் கிட்டார் ஆம்ப் கட்டி, 'ஒரே ஹம்மண்ணே' (இரைச்சல்) என்று யாராவது வந்தால், நான் முதலில் பார்ப்பது வால்வை அல்ல, கிரவுண்ட் ஒயரைத்தான்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து மீட்டரில் பாருங்கள். ஆஃப் செய்த பிறகும் 300, 400 வோல்ட் உள்ளே நிற்கும்.

மெயின்ஸின் பச்சை ஒயருக்கு, அதாவது எர்த்துக்கு, தனி போல்ட். செல்லூர்ப் பட்டறையில் மடித்து வாங்கிய சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகப் பெட்டியில்) பெயின்ட் இருந்தால், உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். ஹம் போகட்டும் என்று இந்த எர்த்தைக் கழற்றிவிடும் ஆட்கள் உண்டு. உயிரோடு விளையாடுகிற வேலை அது. பழைய வீடாக இருந்தால் சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஆடியோ கிரவுண்ட், அதாவது சர்க்யூட்டின் கரன்ட் திரும்பி வரும் பொதுப் பாதை. டிரான்ஸ்ஃபார்மரின் ஹை வோல்டேஜ் சென்டர் டேப் (சுற்றின் நடுவிலிருந்து வரும் ஒயர்) நேராக முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் மைனஸுக்குப் போகட்டும். கெப்பாசிட்டரை நிரப்பும் சார்ஜிங் கரன்ட் ப்ரீஆம்ப் (சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) பாதையில் ஓடினால் 100 ஹெர்ட்ஸில் கரகரவென்று இரையும். அந்த மைனஸிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றை இன்புட் ஜாக் வரை ஓட்டி, பவர் வால்வு, ப்ரீஆம்ப் என்று வரிசையாகப் பற்றவையுங்கள். சேஸிஸோடு சேர்வது ஜாக் பக்கம் ஒரே இடத்தில் மட்டும்.

கரகரப்பு இல்லாமல் அடித்தொண்டையில் 'ம்ம்' என்றால் அது 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் ஒயர்களை நெருக்கமாக முறுக்குங்கள். ஹீட்டர் சுற்றுக்கு சென்டர் டேப் இல்லையென்றால் இரண்டு பக்கமும் 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு கிரவுண்டுக்குக் கொடுங்கள்.