‘ஆகுத்தெ சார்’ என்றதும் பில் போடச் சொல்லிவிடாதீர்கள்

பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ‘ஆகுத்தெ’. முடியும், சரிவரும், பொருந்தும் என்று எல்லாவற்றுக்கும் கன்னடத்தில் அந்த ஒரே பதில் போதும். அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய ஷோரூமில் மகளின் லேப்டாப்புக்கு 16 ஜிபி ராம் (உள்ளே செருகும் மெமரிப் பலகை) வாங்கப் போனேன். மாடல் பெயரைச் சொல்லி, “இது பொருந்துமா?” என்று கேட்டேன். கடைப் பையன் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆகுத்தெ சார், எல்லா லேப்டாப்புக்கும் ஒண்ணுதான்” என்றான்.

வீட்டுக்கு வந்து அடிமூடியைக் கழற்றினோம். உள்ளே இருந்தது டிடிஆர்4 என்ற வகை ராம். நான் வாங்கி வந்தது அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5. லேப்டாப் ராமில் இவை இரண்டும் ஒரே நீளம், ஒரே பச்சைப் பலகை. ஆனால் தங்க நிறப் பற்கள் ஒன்றில் 260, இன்னொன்றில் 262. பற்களுக்கு இடையே இருக்கும் சின்ன வெட்டும் வேறு இடத்தில். மகள் மெதுவாக வைத்துப் பார்த்தாள். ஸ்லாட்டின் முட்டு ஒரு பக்கம், ராமின் வெட்டு ஒரு பக்கம். மறுநாள் கடைக்குப் போனால், சீல் உடைத்தாகிவிட்டது, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். சில ஆயிரம் ரூபாய் போனதைவிட, அவ்வளவு உறுதியாகச் சொன்னானே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கடையில் நாம் செய்யும் முதல் தவறு, ஆமாம் என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியைக் கேட்பது. ‘இது ஓடுமா’, ‘இது நல்லதா’ என்று கேட்டால் விவரம் தெரியாதவர் ஆமாம் என்றுதான் சொல்வார். தெரியாது என்று சொன்னால் மேனேஜர் திட்டுவார், டார்கெட் போய்விடும். போன வாரம் மிக்ஸி விற்றவரை இந்த வாரம் லேப்டாப் பக்கம் நிற்க வைத்திருப்பார்கள். யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள். “இது எந்த வகை? பெட்டியில் எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள்.” அவருக்குத் தெரியாவிட்டாலும் இருவரும் சேர்ந்து படித்துவிடலாம்.

பழைய பொருளைக் கையோடு கொண்டு போகாததும் பெரிய தவறு. அடுத்த முறை பழைய ராமை ஒரு கவரில் போட்டு, டவுன் ஹால் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில், பெரியவர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். “இது எங்ககிட்ட இல்லீங்க, ரெண்டு கடை தள்ளிக் கேளுங்க” என்றார். அவர் காட்டிய கடையில் கிடைத்தது, வீட்டில் போட்டதும் பொருந்தியது.

கடைக்குள் பேசுகிறவர் யாருடைய ஆள் என்று கேட்காமல் இருப்பதும் நஷ்டம்தான். பெரிய ஷோரூம்களில் பலர் கடை ஊழியர்கள் இல்லை. ஒரு குறிப்பிட்ட கம்பெனி தன் சரக்கை விற்க நிறுத்தி வைத்திருக்கும் புரமோட்டர்கள். ஐந்து டிவி பார்த்தாலும் பேச்சு ஒரே டிவிக்குத் திரும்பி வருவது அதனால்தான். கேட்பதில் தப்பே இல்லை: “நீங்க கம்பெனி ஆளா, கடை ஆளா?”

டிவி என்றால் கடையில் ஓடும் டெமோ படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணைப் பறிக்கிற பட அமைப்பில் வைத்து, அதற்கென்றே எடுத்த வீடியோவை ஓடவிடுவார்கள். ஸ்டாண்டர்ட் அமைப்புக்கு மாற்றி ஒரு தமிழ் செய்தி சேனலைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் பார்க்கப் போவது அதைத்தானே.

ஏசியில் நடக்கும் தவறுதான் பலருக்கும் புரிவதில்லை. “5 ஸ்டார் எடுங்க, ஒரே வருஷத்துல கரண்ட் பில்லுல காசு வந்துடும்” என்பார்கள். ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது ஏசி வருடத்தில் 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. சென்னைக்கு அது சரி. பெங்களூரில் ஏப்ரல், மே இரண்டு மாதம் ராத்திரி 8 மணி நேரம் போட்டாலும் சுமார் 480 மணிதான் வருகிறது. லேபிளில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் 200 யூனிட் வித்தியாசம் என்றால் நம் வீட்டில் அது 60 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 420 ரூபாய். விலையில் எத்தனை ஆயிரம் கூட என்று பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். அப்புறம், லேபிளில் எந்த வருடத்துக்கான ஸ்டார் என்பதையும் பாருங்கள். விதிமுறையை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது, அதுவரை 5 ஸ்டாராக இருந்த ஏசி 4 ஸ்டாராக இறங்கியது.

கேபிள் சின்ன விஷயம்தான், ஆனாலும் ஏமாற்றும். யூஎஸ்பி-சி கேபிள்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாதாரணக் கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும், 100 வாட் லேப்டாப் சார்ஜருக்குப் போதாது. பெட்டியில் வாட் எண் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக, வாயால் சொன்னதை எழுதி வாங்காமல் விடுவது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் வாய்வார்த்தையாகப் பொய்த் தகவல் சொன்னாலும் அது முறையற்ற வணிகம்தான். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. திரும்ப எடுக்கும் கெடு எதுவும் பில்லில் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் என் ராம் பழுதான பொருள் இல்லையே, பொருந்தாத பொருள். அவன் சொன்னதற்குச் சாட்சியும் கிடையாது. பில்லில் லேப்டாப் மாடலை எழுதி, ‘இதற்குப் பொருந்தும்’ என்று ஒரு வரி வாங்கியிருந்தால் பேச எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். போன மாதம் வேறொரு கடையில் பிரின்டர் இங்க் வாங்கும்போதும் கேட்டேன். அதுவரை ‘ஆகுத்தெ’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்தார், கொஞ்சம் நிறுத்தினார். “ஒரு நிமிஷம் சார், கேட்டுட்டு வர்றேன்” என்று உள்ளே போனார்.