மாநிலக் கட்சிகளின் செல்வாக்கை எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

கட்சிப் பெயரை மாற்றி எழுதுவது, தொகுதிக் கணக்கில் குளறுபடி செய்வது எல்லாம் செய்தி டெஸ்க்கிலேயே திருத்திவிடக்கூடியவை. அரசியல் செய்திக்குப் புதிதாக வருகிறவர்கள் விடாமல் செய்யும் வேறு சில தவறுகள் இருக்கின்றன.

எம்.பி. எண்ணிக்கையை வைத்தே அளப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். 2014இல் பாஜக தனியாக 282 இடங்களைப் பிடித்ததும், மாநிலக் கட்சிகள் இனி டெல்லியில் செல்லாக்காசு என்று பலரும் எழுதினார்கள். வங்கதேசத்தோடு தண்ணீரைப் பங்கிடும் டீஸ்டா நதிநீர் ஒப்பந்தம் சீக்கிரமே கையெழுத்தாகிவிடும் என்று அடித்துச் சொன்ன ஒரு செய்திப் பிரதி என் மேசைக்கும் வந்தது.

நடந்ததைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனபோது ஒப்பந்தம் தயாராக இருந்தது. கடைசி நேரத்தில் மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி உடன் வர மறுத்தார், ஒப்பந்தம் நின்றது. அன்று அவருடைய திரிணமூல் காங்கிரஸ் மன்மோகன் அரசின் கூட்டணியில் இருந்தது, 19 எம்.பி.க்களோடு. சரி, அதனால்தான் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். மோடி அரசுக்கு மம்தாவின் ஓர் ஓட்டும் தேவைப்படவில்லை. அடுத்த பத்தாண்டுகளிலும் டீஸ்டா கையெழுத்தாகவில்லையே, ஏன்?

வெளிநாட்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 253ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கே தருகிறது. ஆனால் டீஸ்டாவின் மேல் உள்ள கஜல்டோபா தடுப்பணையின் மதகைத் திறப்பதும் மூடுவதும் மேற்கு வங்க அரசின் பாசனத் துறை. பிடி அங்கேதான் இருந்தது. அதே மம்தா சம்மதித்த, வங்கதேசத்துடனான நில எல்லை ஒப்பந்தத்துக்கான அரசியல் சட்டத் திருத்தம் 2015இல் நிறைவேறியது.

இன்னொரு உதாரணம். 1989 தேர்தலில் திமுகவுக்கு மக்களவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் மாநிலங்களவையில் இருந்த முரசொலி மாறன் வி.பி.சிங் அமைச்சரவையில் இடம்பெற்றார். கோட்டையில் கருணாநிதி ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

அதனால் எழுத உட்காரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் கொள்கையைக் களத்தில் நடத்தப்போவது யார்? தண்ணீர், நிலம், போலீஸ் என்றால் முதலமைச்சரைத் தாண்டி நகராது. 2012 மார்ச் 1 அன்று செயல்பாட்டுக்கு வரவேண்டிய தேசிய பயங்கரவாத எதிர்ப்பு மையம், நவீன் பட்நாயக், ஜெயலலிதா, மம்தா போன்ற முதல்வர்களின் எதிர்ப்பால் முடங்கியது.

ஆதரவு விலகினால் கொள்கை நின்றுவிடும் என்பது

நிற்காது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து 2012 செப்டம்பரில் மன்மோகன் அரசிலிருந்து திரிணமூல் விலகியது. டிசம்பரில் மக்களவை வாக்கெடுப்பின்போது சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்பு செய்தன, அரசு ஜெயித்தது.

அமைச்சர் பதவியைச் செல்வாக்கு என்று நம்புவது

வேளாண் மசோதாக்களை எதிர்த்து 2020இல், பாஜகவின் பஞ்சாப் கூட்டணிக் கட்சியான அகாலி தளத்தின் ஹர்சிம்ரத் கௌர் பாதல் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். மசோதாக்கள் நிறைவேறின.

மாநிலங்களவையை மறப்பது

மறக்காதீர்கள்.

கிடைத்ததை மட்டும் எழுதுவது

2024இல் மோடி அரசைத் தாங்கிய ஆந்திராவின் தெலுங்கு தேசத்துக்கு 16 எம்.பி., பிகாரின் ஐக்கிய ஜனதா தளத்துக்கு 12. ஜூலை பட்ஜெட்டில் ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு செய்வதாக அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய நாள்தான், ஐக்கிய ஜனதா தளம் கேட்டுவந்த சிறப்பு அந்தஸ்தைப் பிகாருக்குத் தர இடமில்லை என்று நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் சொல்லியிருந்தது. இரண்டும் ஒரே செய்தியில் வரவேண்டும்.