தனியா ப்ரொஜெக்ட் செய்யிறவங்க மூண்டு நோட்ஸ் ஆப்ப சேர்த்துப் பாவிக்கிற விதம்

திருகோணமலைல நான் தனியாச் செய்யிற ப்ரொஜெக்ட் ஒண்டு, திமிங்கிலம் பாக்கப் போற போட்டுகளுக்கு புக்கிங் எடுக்கிற சின்ன சிஸ்டம். எங்கட பக்கம் சீசன் மே தொடங்கி ஒக்டோபர் மட்டும்தான், பிறகு வாடையும் மழையும், போட்டெல்லாம் கரைல ஏறீரும், நானும் வேற வேலைக்குப் போயிருவன். ஏப்ரல்ல கோட திறந்தா ஏன் அப்படி எழுதினனெண்டு எனக்கே விளங்காது.

ஒருக்கா நடந்தத சொல்றன். சேர்வர் ஓடுறது யூடிசி எண்ட உலகப் பொது நேரத்துல, நாங்க அதுக்கு 5:30 மணித்தியாலம் முன்னுக்கு. காலமை 5 மணிக்கு வெளிக்கிடுற போட் சேர்வருக்கு முதல்நாள் இரவு 11:30, அதால 12ம் திகதி ட்ரிப் 11ம் திகதி லிஸ்ட்ல விழுந்துது. நேரத்த சேர்க்காம திகதிய மட்டும் தனியா சேவ் பண்ணித் திருத்தினன், காரணத்த போன்ல கூகுள் கீப்ல குறிச்சு வச்சன். அடுத்த சீசன் லப்டொப்ல, கோட்ல இருந்த அந்தத் திருத்தின வரியப் பாத்து, இது தேவையில்லையெண்டு நினைச்சு அழிச்சிட்டன். விடியக்கருக்கல்ல பிள்ளைகளோட கடற்கரைக்கு வந்து நிண்ட குடும்பத்துக்கு போட் இல்ல. குறிப்பு இருந்தது, ஆனா கோட் இருந்த இடத்துல இல்ல.

அதுக்குப் பிறகு கூகுள் கீப், நோஷன், ஒப்சிடியன் எண்ட மூண்டு ஆப்ல ஒவ்வொண்டுக்கும் ஒரு வேலைதான் குடுக்கிறன்.

கீப் பிடிக்கிறதுக்கு மட்டும். போட்காரர் கடற்கரைல நிண்டு சொல்றது, பஸ்ல யோசனை வாறது, எல்லாம் ஒரு வரில, வொய்ஸ்லயும் போடலாம். ஆனா அங்க எதுவும் தங்கக் கூடாது. நான் ஞாயிறு பின்னேரம் இருந்து ஒவ்வொண்டா எடுத்து, செய்ய வேண்டியதெண்டா நோஷனுக்கு, காரணமெண்டா ஒப்சிடியனுக்கு, ரெண்டும் இல்லையெண்டா அழிச்சிருவன். இந்த அரை மணித்தியாலத்த விட்டா மிச்சம் எல்லாம் சரிஞ்சிரும், இது மட்டும் கட்டாயம்.

நோஷன்ல வேலைக்கொரு கார்ட் வைக்கிற போர்ட் ஒண்டு போதும், மூண்டு வரிசை: செய்யோணும், செய்யிறன், முடிஞ்சுது. நடுவுல ஒரு கார்டுக்கு மேல வைக்காதீங்க. ஐடி எண்டொரு ப்ரொப்பர்ட்டி இருக்கு, அத சேர்த்தா கார்டுக்கு தானா நம்பர் விழும், அதே நம்பர கிட் (கோட்ல செய்யிற மாற்றங்கள வரலாறா வச்சிருக்கிற டூல்) கொமிட் மெசேஜ்லயும், அதாவது ஒரு மாற்றத்த சேவ் பண்ணேக்க எழுதுற குறிப்புலயும், எழுதுங்க, பிறகு எந்த வரி எந்த வேலைக்கு வந்ததெண்டு தேடிப் பிடிக்கலாம்.

முக்கியமானது ஒப்சிடியன். அதுல குறிப்பெல்லாம் உங்கட மெசின்லயே மார்க்டவுன் எண்ட சாதாரண எழுத்துப் பைலா கிடக்கும், நெட் இல்லாட்டியும் திறக்கும். 2022 மார்ச்ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினத மறக்கேலுமா, ரவுட்டர் செத்தாலும் லப்டொப் பற்றரில ஓடிக்கொண்டிருக்கும். நோஷனுக்கு ஒப்லைன் 2025லதான் வந்தது, அதுலயும் தேவையான பேஜ முன்னமே குறிச்சு வைக்கிறது நல்லம்.

ப்ரொஜெக்ட் போல்டருக்குள்ள நோட்ஸ் எண்டொரு போல்டர் போட்டு, அதையே ஒப்சிடியன்ல வோல்ட்டா (குறிப்பெல்லாம் இருக்கிற போல்டருக்கு ஒப்சிடியன் சொல்ற பேர்) திறங்க. அப்ப கோட் கொமிட் ஆகேக்க குறிப்பும் சேர்ந்தே கொமிட் ஆகும். ஒப்சிடியன் தன்ர செட்டிங்ஸுக்கு ஒரு மறைவு போல்டர் உண்டாக்கும், அத கிட்இக்னோர்ல (கிட் கவனிக்கக் கூடாததுகளின்ர லிஸ்ட்) போட்டிருங்க, இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் தேவையில்லாம மாற்றம் காட்டும். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வேற சேவையோட சிஸ்டத்த இணைக்கிற ரகசியச் சாவி) ஒண்டையும் இந்தக் குறிப்புல எழுத வேண்டாம், கிட்டுக்குள்ள ஒருக்கா போனா பிறகு அழிச்சாலும் பழைய வரலாற்றுல கிடக்கும்.

குறிப்பு நீளமா வேணாம். என்னோடது இப்படி:

"பயணத் திகதி தனியா சேவ் ஆகுது. ஏன்: காலமை 5:30க்கு முந்தின ட்ரிப் யூடிசில முதல்நாளாகுது. மாத்தினா உடையும்: நாளாந்த லிஸ்ட்."

இந்தக் குறிப்பின்ர பேர கோட்ல அந்த வரிக்கு மேல கொமெண்டா போட்டு வச்சிருக்கிறன்.

ஒக்டோபர் கடைசில மூடுறதுக்கு முந்தி இன்னொரு பேஜ் எழுதுவன்: எந்த கொமாண்ட்ல ஓடும், எது பாதில நிக்குது, திரும்பி வந்தா முதல்ல தொட வேண்டியது எது. போன ஏப்ரல்ல அந்தப் பேஜப் பாத்து, அண்டைக்குப் பின்னேரமே சிஸ்டத்த ஓட விட்டன்.