கடைக்காரருக்குக் கௌரவம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை, காசிமேட்டுப் பக்கம் லேத் பட்டறை, தண்டையார்பேட்டை மெஸ், கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர் என்று பலருடைய பில் கட்டுகளும் என் மேஜைக்கு வரும். எந்தச் செலவு பெருமைக்காகச் செய்தது, எந்தப் பணம் கூச்சத்தால் கேட்காமல் நின்றது என்பதெல்லாம் அந்தக் கட்டைப் பிரித்தாலே தெரிந்துவிடும்.

"வியாபாரத்துல கௌரவம் பார்க்கக் கூடாது" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கௌரவமே பார்க்காதவர் மட்டமான சரக்கையும் கூசாமல் தள்ளிவிடுவார். நான் பார்க்கச் சொல்வது வேறு. மோசமான வேலையைக் கையை விட்டு அனுப்ப உங்கள் கௌரவம் சம்மதிக்கவில்லையா? அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரிடமோ எதையோ கேட்க விடாமல் அது வாயை அடைக்கிறதா? அங்கேதான் பணம் கசிகிறது. மாதக் கடைசியில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இந்த மாதம் யாரிடம், எதைக் கேட்கத் தயங்கினேன்? பாக்கி, விலை, கடன், யோசனை, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். கீழே வருவதெல்லாம் அந்தத் தாளில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்கள்.

நல்ல பெருமைக்கு பில் போடுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத விசைப்படகுகளை அப்போதுதான் பழுது பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு அதுதான் சீசன். நான் கணக்கு எழுதும் ஒரு பட்டறை அண்ணன், கடைசல் முடிந்த படகு ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டு டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார். முள் ஆடினால் மறுபடி பெண்டு எடுப்பார், அதாவது வளைவை நிமிர்த்துவார். "போதும்ணே, மாட்டிடலாம்" என்று போட்டுக்காரரே, அதாவது படகு முதலாளியே, சொன்னாலும் விடமாட்டார். அவர் சொல்வது நியாயம்தான். வளைந்த ஷாஃப்ட் சுற்றினால் படகே அதிரும், ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் சீக்கிரம் தேயும், நடுக்கடலில் நின்றுபோனால் இழுத்து வர இன்னொரு படகு போக வேண்டும்.

இந்தப் பிடிவாதம்தான் அவருடைய மூலதனம். ஆனால் பில்லில் "ஷாஃப்ட் வேலை" என்று ஒரே வரி எழுதி ஒரே தொகை போட்டுவந்தார். அரை நாள் பெண்டு எடுத்தது அதில் எங்கேயும் இல்லை. இப்போது கடைசல், பெண்டு எடுத்தது, புஷ், பொருத்துகூலி என்று நாலு வரியாக எழுதுகிறார். பேரம் பேசுகிறவர்கள் இப்போதும் பேசுகிறார்கள். ஆனால் எந்த வேலையைக் குறைக்கச் சொல்கிறோம் என்று அவர்களே பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மற்றவர்கள் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்களோ அதைத் தனி வரியாக எழுதுங்கள். தையல்காரருக்கும் இது பொருந்தும். அளவு தப்பினால் பிரித்துத் தைத்துக் கொடுப்பது உங்கள் பெருமை, அதற்குக் காசு கேட்காதீர்கள். கழுத்து டிசைனை வாடிக்கையாளரே பாதியில் மாற்றினால் அது புது வேலை. அதற்குக் கூலி கேளுங்கள்.

பாக்கியைக் கேட்பது

அதிகமாகப் பணம் போகும் இடம் இது. "துட்டு கேட்டா பார்ட்டி போய்டுவான்க்கா" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மைக் காரணம் வரும்: "நம்மகிட்ட இல்லன்னு நெனச்சிடுவாங்க." தன்னிடம் பணமில்லை என்று நாலு பேர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, வர வேண்டிய பணத்தை விட்டுவிட்டு, நூல்காரருக்குக் கடன் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நூல்காரர் என்ன நினைப்பார் என்று யோசிப்பதே இல்லை.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். "எப்போ தருவீங்க" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பதுதான் பதிலாக வரும். "அண்ணே, 12-ம் தேதி பில்லு, இன்னும் 8,000 இருக்கு. இந்த வாரம் எவ்வளவு போடறீங்க?" என்று தேதியும் தொகையும் சேர்த்துக் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் வந்தாலும் வாங்கி வரவு வைத்து, மீதியை அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கையில் பணம் புரளும் நாள் பார்த்துக் கேளுங்கள். தடைக்காலத்தில் போட்டுக்காரரிடம் முழுப் பணம் கேட்டால் வருத்தம்தான் மிஞ்சும். வேலை தொடங்கும்போதே சாமான் விலையை அட்வான்ஸாக வாங்கிவிட்டு, கூலிக்கு மட்டும் ஜூன் கடைசியில் ஒரு தேதி வையுங்கள். முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பி, மீன் ஏலம் முடிந்த கையோடு போய்க் கேட்கலாம்.

வாங்குவது பெரிய கம்பெனி என்றால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் செய்து கொடுப்பவராகவோ சேவை செய்பவராகவோ இருந்தால், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுங்கள். 2020 ஜூலை முதல் இருக்கிறது, கட்டணம் கிடையாது. 2006-ம் ஆண்டு சிறு தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்குபவர் எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், எந்த ஆண்டில் தருகிறார்களோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதனால் கம்பெனியின் ஆடிட்டரே மார்ச் மாதம் இந்த பாக்கிகளைத் தேடுவார். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது, உற்பத்திக்கும் சேவைக்கும்தான்.

பணம் வராவிட்டால் இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன்னால், பில்லில் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய கடைசித் தேதியையும் அச்சடித்துவிடுங்கள். வாயால் கேட்கக் கூசுகிறவர்களுக்காக அந்த பில் கேட்கும்.

தண்டல்

இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வரும். தண்டல் என்பது தினமும் வந்து வசூலிக்கும் கடன். 10,000 தண்டலுக்கு 9,000 கையில் தருவார்கள். தினமும் 100 ரூபாய், 100 நாள். "ஆயிரம்தானேக்கா" என்பார்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி 75 சதவீதத்துக்கு மேல் போகும். இது தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள்? தண்டல்காரர் கடைக்கே வருகிறார், கேள்வி கேட்பதில்லை, அக்கம்பக்கத்தில் தெரிவதில்லை. வங்கியில் ஃபைலோடு வரிசையில் உட்கார்ந்தால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரக் கூச்சத்துக்குத்தான் இத்தனை வட்டி.

சின்னத் தொழில்களுக்கு வங்கிகள் தரும் அரசுத் திட்டமான முத்ரா கடனில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் கேட்கக் கூடாது. ஆறு மாத வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி இருந்தால் அதன் ரிட்டர்ன், வாங்கப் போகும் மெஷினின் கொட்டேஷன் எடுத்துப் போங்கள். ஒரு கிளை முடியாது என்றால் காரணம் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த கிளைக்குப் போங்கள். மறுத்தது உங்களை இல்லை, அந்த ஃபைலை. அதைச் சரி செய்ய முடியும்.

எதிர்க் கடையோடு போட்டி

எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடி வந்தால் இது தொடங்கும். 180-க்கு வாங்கிய நைட்டியை 240-க்கு விற்றால் 60 நிற்கும். எதிர்க் கடைக்காரர் 225 என்று எழுதியதும் நம்மவர் 220 என்று எழுதுவார். இப்போது நிற்பது 40. பழைய லாபமே வர வேண்டுமென்றால் 100 நைட்டி விற்ற இடத்தில் 150 விற்க வேண்டும். நின்று எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா, அத்தனை சரக்கு இருக்கிறதா? போர்டை மாற்றுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள். அப்புறம், கடைப் பையனிடம் கேளுங்கள். எதிரே போனவர்கள் விலைக்காகப் போனார்களா, டபுள் எக்ஸ்எல் இல்லாமல் போனார்களா என்று அவனுக்குத்தான் தெரியும். முதலாளிகள் கேட்காமல் விடும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

நன்கொடை

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், ரசீது புத்தகத்தோடு ஆட்கள் வருவார்கள். கொடுக்க வேண்டியதுதான், நாமும் அதே தெருவில்தான் பிழைக்கிறோம். ஆனால் நோட்டீஸில் முதல் பெயராக வர வேண்டும் என்று கல்லாவிலிருந்து 25,000 எடுத்துவிட்டு, சரக்குக்குப் பணம் கேட்கும் திருப்பூர்க்காரரின் போனை எடுக்காமல் இருப்பது சரியில்லை. ஒரு வருடத்துக்கு நன்கொடை இவ்வளவு என்று சித்திரையிலேயே எழுதி, மாதா மாதம் தனியாக எடுத்து வையுங்கள். கேட்டு வருபவரிடம் "இந்த வருஷத்துக்கு இதுதாண்ணே" என்று சொல்லக் கையில் ஒரு தொகை இருக்கும்.

இரண்டாவது கடை

ஒரு கடை நன்றாக ஓடினால் உறவினர் எல்லோரும் "அடுத்த கடை எப்போ?" என்பார்கள். திறப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், மூடுவதைப் பற்றித்தான் சொல்வேன். முதல் கடையின் லாபத்தில் இரண்டாவது கடையின் வாடகையைக் கட்டிக்கொண்டே, "பேர் கெட்டுடும்" என்று மூடாமல் இழுப்பவர்கள் அதிகம்.

திறக்கும் நாளிலேயே ஒரு தாளில் இரண்டை எழுதுங்கள்: இவ்வளவு ரூபாய்க்கு மேல் நஷ்டம் தாங்க மாட்டேன், இந்தத் தேதிக்குள் வாடகையும் சம்பளமும் அந்தக் கடையிலிருந்தே வர வேண்டும். தாளை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். மனைவியிடமோ கணவரிடமோ அக்காவிடமோ கொடுங்கள். அந்தத் தேதி வந்ததும் கேட்கும் உரிமை அவர்களுடையது. மூட வேண்டி வந்தால் முதலில் வேலை செய்பவர்களிடம் சொல்லுங்கள். பிறகு கட்டிடக்காரரிடம் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அட்வான்ஸ் திரும்ப வரும் தேதியை வாங்குங்கள். சரக்கைப் பழைய கடைக்கு மாற்றி, ஜிஎஸ்டி பதிவில் அந்தக் கூடுதல் முகவரியை நீக்குங்கள். யாராவது கேட்டால் "அங்க ஓடல, மூடிட்டேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.