ஜோஜோ டேங்கில் தண்ணீர் இறங்கினால் எல்ஈடி எரிய: ஆர்டுயினோ இன்புட், அவுட்புட் பின்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் நிறைய வீடுகளில் ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) நிற்கிறது. குழாயில் தண்ணீர் நின்றால் அதுதான் கதி. ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் ஏணி போட முடியுமா? தண்ணீர் குறைந்தால் சமையலறையில் ஒரு எல்ஈடி எரிய வேண்டும். அதற்கு ஆர்டுயினோவில் (நாம் எழுதும் கட்டளைப்படி ஓடும் சின்ன போர்டு) சுவிட்சைப் படிக்கும் ஒரு இன்புட் பின், எல்ஈடியை எரிக்கும் ஒரு அவுட்புட் பின் போதும்.

தேவையானவை: ஆர்டுயினோ யூனோ ஆர்3, சின்ன மிதவை சுவிட்ச், எல்ஈடி, 330 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர் செருகும் பலகை), ஒயர். மல்டிமீட்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். விலை குறைந்ததே போதும். ஐடிஈ (கட்டளைகளை எழுதி போர்டுக்கு அனுப்பும் மென்பொருள்) நிறுவி, போர்டைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், ஐடிஈயில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் அவுட்புட்

8ஆம் பின்னிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்ஈடியின் நீளமான கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. செட்டப்பில் (போர்டு எழும்போது ஒரே தடவை ஓடும் பகுதி) பின்மோட்(8, அவுட்புட்). பிறகு டிஜிட்டல்ரைட்(8, ஹை) என்றால் எரியும், லோ என்றால் அணையும்.

ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள். பின் தருவது 5 வோல்ட். சிவப்பு எல்ஈடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் 330 ஓமில் விழுந்தால் 9 மில்லிஆம்பியர். யூனோவின் ஒரு பின்னுக்கு 20 வரை நிம்மதி; 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. 0, 1 பின்களைத் தொடாதீர்கள், யூஎஸ்பி பேச்சு அவற்றில்தான் போகிறது.

இன்புட்: இங்கேதான் தலைவலி

சுவிட்சின் ஒரு ஒயர் 2ஆம் பின்னுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. பின்மோட்(2, இன்புட்) என்று மட்டும் எழுதினால், சுவிட்ச் திறந்திருக்கும்போது பின் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கும். 1.5 வோல்டுக்குக் கீழே லோ, 3 வோல்டுக்கு மேலே ஹை. நடுவில் எதை வேண்டுமானாலும் சொல்லும். ஒயர் அருகே விரலைக் கொண்டுபோனாலே எல்ஈடி துடிக்கும். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

மருந்து: பின்மோட்(2, இன்புட்_புல்லப்). சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோஓம் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்டை நோக்கி இழுத்துப் பிடிக்கும். இனி கணக்கு தலைகீழ்: சுவிட்ச் மூடினால் லோ, திறந்தால் ஹை. டேங்கிலிருந்து சமையலறை வரை ஒயர் நீளமென்றால் உள் ரெசிஸ்டரை மட்டும் நம்ப மாட்டேன். பின்னுக்கும் 5 வோல்டுக்கும் நடுவே 4.7 கிலோஓம் ஒன்றையும் போடுவேன்.

சுவிட்சை எந்தப் பக்கம் வைப்பது? தண்ணீர் இருக்கும்போது மூடியிருக்கட்டும். அப்போதுதான் தண்ணீர் இறங்கினாலும் எல்ஈடி எரியும், எலி ஒயரைக் கடித்தாலும் எரியும். மாற்றி வைத்தால், ஒயர் அறுந்த அன்று டேங்க் நிறைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்தச் சின்ன சுவிட்சுகளில் மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்ச்). நுனியிலுள்ள வளையத்தைக் கழற்றி மிதவையைக் கவிழ்த்துப் போட்டால் திறப்பதும் மூடுவதும் இடம் மாறும். மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, மிதவையை விரலால் தூக்கிச் சரிபார்த்த பிறகே டேங்கில் இறக்குங்கள்.

லூப்பில்

லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. அதில் டிஜிட்டல்ரீட்(2) ஹை தந்தால் 8ஐ ஹை ஆக்குங்கள், இல்லையென்றால் லோ. சுவிட்ச் மூடும்போது கொஞ்சம் துள்ளும்; அது அடங்க, சாதாரண பட்டனுக்கு 50 மில்லிவினாடி பொறுத்தால் போதும். தண்ணீர் அலையடிப்பதால் மிதவை ஆடும். இரண்டு வினாடி விடாமல் ஹை வந்தால்தான் எரியட்டும். போர்டை அப்படியே நிறுத்தி வைக்கும் டிலேயை விட, ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் வைத்து எழுதுவதே எனக்குப் பிடிக்கும்.

பின்சேர்க்கை: பம்பையும் இதிலேயே ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். நேராகப் பின்னில் முடியாது, ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டும். 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பல ரிலே மாட்யூல்கள் லோ கொடுத்தால்தான் இழுக்கும், அதாவது ஆன் ஆகும். அதனால் டிஜிட்டல்ரைட் ஹையை முதலில் எழுதி, பின்மோட் அவுட்புட்டை அடுத்து எழுதுங்கள். மின்வெட்டு முடிந்து போர்டு எழும்போது பம்ப் ஒரு கணம் உதறாது.

யூனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்கு: அது 3.3 வோல்ட் போர்டு, 5 வோல்டை எந்த இன்புட், அவுட்புட் பின்னிலும் காட்டாதீர்கள். 34 முதல் 39 வரையுள்ள பின்கள் இன்புட்டுக்கு மட்டும்தான், அவற்றில் உள் புல்லப்பும் கிடையாது. சுவிட்சை அங்கே மாட்டியிருந்தால் வெளியே ரெசிஸ்டர் போடுங்கள், அல்லது வேறு பின்னுக்கு மாற்றுங்கள்.