இழை எத்தனை, பூ எத்தனை: வாசலில் கணக்குச் சொல்லித் தரும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், வண்ணாமடை என்று பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ள ஊர்களில், மார்கழியில் வாசல்தோறும் புள்ளிக் கோலமும், ஓணத்தை ஒட்டி அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் அத்தப்பூ என்னும் பூக்கோலமும் இடுவது வழக்கம். தமிழ் வீடு, மலையாள வீடு என்ற பேதம் இதில் அதிகம் இல்லை. இந்த இரண்டையும் கொண்டு பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு, மாலை வகுப்பில் நான் கையாண்டு திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். எக்காரணம் கொண்டும் சூத்திரத்தை முதலில் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் பிள்ளைகள் விடையைச் சரிபார்ப்பார்களே தவிர, எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கோலப்பொடி தேவையில்லை. பொடியைச் சீராக விடக் கைப்பழக்கம் வேண்டும். பழக்கமில்லாத பிள்ளையின் கவனம் முழுவதும் கோடு நடுங்காமல் இருப்பதிலேயே போய்விடும். சிமெண்டுத் திண்ணையும், இரண்டு மூன்று நிறத்தில் சுண்ணக்கட்டியும், துடைக்க ஓர் ஈரத்துணியும் போதும். ஒரு கோலத்துக்கு மூன்று பேர் என்று பிரித்து உட்கார வைப்பது நல்லது. ஒருவர் வரையவும், ஒருவர் எண்ணவும், ஒருவர் தவறு கண்டுபிடிக்கவும் ஆள் இருப்பார்கள்.

இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி என்று தொடங்கலாம். புள்ளிகளுக்கிடையே நான்கு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். சிக்குக் கோலத்தை ஒரே இழுப்பில் வளைத்து வளைத்துப் போடுவது பாட்டிமாருக்குக் கைவந்த கலை. புதிதாகக் கற்பவருக்கு வேறு வழி இருக்கிறது. கிடையாகவோ நெடுக்காகவோ அடுத்தடுத்து நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கு நட்டநடுவே ஒவ்வொரு சிறு பெருக்கல் குறியைப் போடச் சொல்ல வேண்டும். இரண்டுக்கு மூன்று கோலத்தில், வரிசைக்கு இரண்டு வீதம் நான்கும், இரு வரிசைகளுக்கும் இடையே மூன்றுமாக ஏழு குறிகள் வரும். உட்புறத்தில் ஒரு குறியின் கை அடுத்த குறியின் கையோடு நேராகவே போய்ச் சேர்ந்துகொள்ளும். ஓரத்தில் சேர இடமின்றி நிற்கும் கைகளை, அங்குள்ள புள்ளியை வெளிப்புறமாகச் சுற்றி வளைத்து இணைத்துவிட்டால் கோலம் முடிந்தது.

பிறகு நிறச் சுண்ணக்கட்டியை எடுத்து, கோட்டில் ஏதேனும் ஓரிடத்தில் வைத்து, வெட்டும் இடங்களில் திரும்பாமல் நேரே சென்றுகொண்டே இருக்கச் சொல்லுங்கள். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்ததும் ஓர் இழை முடிந்தது. வெள்ளையாகவே எஞ்சிய கோடு இருந்தால், வேறு நிறத்தால் இரண்டாவது இழையைத் தொடர வேண்டும். இரண்டுக்கு மூன்று கோலம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். இரண்டுக்கு இரண்டு கோலத்திலோ, ஒன்றையொன்று குறுக்காகக் கோத்துக்கொண்டு நிற்கும் இரண்டு நீள்வட்டங்கள் கிடைக்கும். இதைப் பார்த்ததும் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே மூன்றுக்கு மூன்று போட்டுப் பார்ப்பார்கள். மூன்று இழை வரும்.

இங்கிருந்து ஆசிரியர் செய்ய வேண்டியது ஊகங்களைத் திண்ணையின் ஓரத்தில் எழுதி வைப்பதும், அவற்றை உடைக்கக்கூடிய அடுத்த கோலத்தைத் தேர்ந்து கொடுப்பதும் மட்டுமே. "சதுரமாக இருந்தால்தான் இழை கூடும்" என்று ஒரு பிள்ளை சொல்லும். இரண்டுக்கு நான்கு போடச் சொன்னால் இரண்டு இழை வந்து அந்த ஊகம் விழும். "இரண்டில் எது சின்ன எண்ணோ, அத்தனை இழை" என்பார் இன்னொருவர். இரண்டுக்கு நான்கும் மூன்றுக்கு ஆறும் இதற்குத் துணை நிற்கும். ஆனால் இரண்டுக்கு மூன்று ஒரே இழை என்பதை அவர் மறந்திருப்பார். அப்போது யாராவது, "சின்னது பெரியதில் மீதியில்லாமல் போனால் சின்ன எண், போகாவிட்டால் ஒன்று" என்று திருத்துவார்கள். இது மிக நல்ல ஊகம். மூன்றுக்கு நான்கும் மூன்றுக்கு ஐந்தும் இதை உறுதிப்படுத்துவது போலவே தோன்றும். அந்த நேரத்தில்தான் நான்குக்கு ஆறு கோலத்தைக் கொடுக்க வேண்டும். விடை நான்கும் இல்லை, ஒன்றும் இல்லை, இரண்டு. கோடு தப்பிவிட்டது என்று எண்ணிப் பிள்ளைகள் அழித்து மறுபடி போடுவார்கள். போடட்டும். ஆறுக்கு ஒன்பதில் மூன்று இழை வந்த பிறகே பெரும்பாலோருக்குப் பிடி கிடைக்கிறது: இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ, இழைகள் அத்தனை.

இதன் பெயரை அப்போது சொல்லலாம். எங்கள் பகுதியில் ஒரே தெருவில் மலையாள வழியில் படிக்கும் பிள்ளை இதை உ.சா.க. என்று சொல்லும், தமிழ் வழிப் பிள்ளை மீப்பெரு பொதுக் காரணி என்று சொல்லும், வீட்டில் உள்ள பெரியவர் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்திருப்பார். மூன்றும் ஒன்றுதான் என்பதைத் திண்ணையில் உள்ள கோலமே காட்டிவிடுவதால், தனியாக மொழிபெயர்ப்பு வேண்டியிருப்பதில்லை.

ஏன் அப்படி வருகிறது என்று கேட்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதற்கான விடை விரலால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்கு எளிது. மூன்றுக்கு ஐந்து கோலத்தில் ஒரு பக்கமாக மூன்றுக்கு மூன்று சதுரத்தை மட்டும் ஒரு நேர்க்கோட்டால் பிரித்துக் காட்டுங்கள். அந்தக் கோட்டைக் கடந்து சதுரத்துக்குள் நுழையும் எந்த இழையையும் விரலால் பின்தொடர்ந்தால், அது மூன்று ஓரங்களிலும் ஒவ்வொரு முறை திரும்பிவிட்டு, நுழைந்த அதே இடத்தின் வழியாகவே வெளியே வரும். அதாவது, அந்தக் கோடு ஒரு சுவராக இருந்து இழை அதில் பட்டுத் திரும்பியிருந்தால் எந்தப் பக்கம் போயிருக்குமோ, அந்தப் பக்கமே இப்போதும் போகிறது. ஆகவே சதுரத்தை அடியோடு துடைத்துவிட்டு, அறுபட்ட முனைகளை அங்கேயே வளைத்து இணைத்தாலும் இழைகளின் எண்ணிக்கை மாறாது. மூன்றுக்கு ஐந்து இப்போது மூன்றுக்கு இரண்டாகிறது. அதில் இரண்டுக்கு இரண்டைத் துடைத்தால் இரண்டுக்கு ஒன்று. இன்னும் ஒரு புள்ளியைத் துடைத்தால் ஒற்றைப் புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வட்டமும் எஞ்சும். ஓர் இழை. ஆறுக்கு ஒன்பதைத் துடைத்துக்கொண்டே போனால் மூன்றுக்கு மூன்றில் வந்து நிற்கும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துக்கொண்டே போகும் இந்த வழிதான் உயர்வகுப்பில் யூக்ளிடின் பெயரால் வருகிறது. ஈரத்துணியால் ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை அதைப் பிறகு மறந்து நான் பார்த்ததில்லை.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களைக் கணினியின் மொழி இலக்கணத்தில் அடக்குவது குறித்து 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து இழை சுற்றும் சோனா என்னும் படங்களிலும் இதே இழைக் கணக்கு வருகிறது. வாசல் கோலத்தைக் கணக்கென்று ஒப்புக்கொள்ளத் தயங்கும் பெற்றோரிடம் இந்த இரண்டையும் சொல்லி வைப்பது பயன்படும்.

அடுத்த வாரத்துக்கு இழையை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளி வைத்தால் மொத்தம் இருபத்தைந்து. அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே நிறமாக இல்லாதபடி, சதுரங்கப் பலகையைப் போல, சிவப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றிப் பூசச் சொல்லுங்கள். முடிந்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்தால், நான்குக்கு நான்காக ஒரு சதுரமும் அதன் இடுக்குகளில் மூன்றுக்கு மூன்றாக இன்னொரு சதுரமும் தெரியும்: பதினாறும் ஒன்பதும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழைக் கூட்டினாலும் பதினாறு. ஐந்து, மூன்று, ஒன்றைக் கூட்டினாலும் ஒன்பது. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் சதுர எண் வரும் என்பதைப் பிள்ளைகள் இதற்குள் எழுதிவிடுவார்கள். சந்துப் புள்ளி (முந்தைய வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் வைப்பது) வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஏழு புள்ளியில் தொடங்கி இருபுறமும் நான்கில் நிறுத்தும் கோலத்தில் மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். முப்பத்தேழு.

இந்த ஒற்றைப்படை எண்கள் அத்தப்பூவில் வேறு உருவில் வருகின்றன. அதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஓர் ஆண்டு திருவோணத்துக்கு, ஒரே அகலத்தில் நான்கு வளையமாகப் பூக்களம் போடத் திட்டமிட்டு, நான்கு நிறத்திலும் சரிசமமாகப் பூ வாங்கி வந்தேன். நடுவட்டத்துக்கு வாங்கிய வாடாமல்லி கூடையிலேயே மிஞ்சிக் கிடக்க, கடைசி வளையத்துச் செண்டுமல்லி பாதிச் சுற்றுக்குள் தீர்ந்து போயிற்று. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆத்தா, "வெளிய போகப் போக வட்டம் பூவத் தின்னுமுங்க டீச்சர்" என்றார். எவ்வளவு தின்னும் என்பதுதான் கணக்கு.

ஒரு சணல் கயிற்றில் 15, 30, 45, 60 செ.மீ. தொலைவுகளில் முடிச்சுப் போட்டு, நடுவில் ஓர் ஆணியை நிறுத்தி, நான்கு வட்டங்களையும் வரையுங்கள். ஆரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு, நான்மடங்கானால் பதினாறு மடங்கு. உள்வட்டத்தின் பரப்பை ஒன்று எனக் கொண்டு, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அதற்கு முந்தியதைக் கழித்தால் வளையங்களுக்கு ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று கிடைக்கும். போன வாரத்துப் புள்ளிகளே அவை என்பதைப் பிள்ளைகளே சொல்லும் வரை காத்திருங்கள். பூவை எடை போட்டு அளக்க வேண்டாம். உதிர்த்த இதழின் எடை பூவுக்குப் பூ மாறும். டம்ளரால் அளப்பதே சரி. உள்வட்டம் நிறைய இரண்டு டம்ளர் இதழ் பிடித்தால், அதே கனத்தில் தூவும்போது அடுத்தடுத்த வளையங்களுக்கு ஆறு, பத்து, பதினான்கு டம்ளர் வேண்டும். பூக்கடைக்குப் போவதற்கு முன் இந்த நான்கு எண்களையும் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

இதழ் வடிவம் வேண்டுமானால், வெளிவட்டத்தை வரைந்த கயிற்றின் நீளத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே தாவித் தாவி வைத்துச் சென்றால் ஆறாவது தாவலில் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். கோலம் பெண் பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கி நிற்கும் பையன்கள் கயிறும் ஆணியும் சுத்தியலும் கண்டால் தாமே வந்துவிடுவார்கள். அவர்களை முதல் நாளே இதில் சேர்த்துவிட்டு, பிறகு கோலத்துக்கு இழுப்பது என் வழக்கம்.

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். வெளிவட்டத்தின் மேல் ஒரு கயிற்றை ஒட்டிப் பதித்து, எடுத்து நீட்டி அளந்தால் 377 செ.மீ. அளவில் வரும், விட்டம் 120. வகுத்தால் 3.14, அதாவது பை (π). கணித அறிஞர் மாதவரின் ஊராகச் சொல்லப்படும் சங்கமகிராமம், பாலக்காட்டுக்கு அடுத்த திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடாதான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்த மாதவர், பதினான்காம் நூற்றாண்டிலேயே, ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே போய்க் கிடைப்பதை நான்கால் பெருக்கினால் இதே எண் வரும் என்று கண்டவர். நம் நான்கு வளையங்களின் எண்களை மட்டும் வைத்துப் பிள்ளைகள் கணக்கிட்டால் 2.895 தான் வரும். கால்குலேட்டரில் பத்து உறுப்பு வரை போனாலும் 3.04, நூறு உறுப்புக்கு 3.13. சணல் கயிறே மேல் என்று சிரிப்பார்கள்.

அந்த மெதுவான போக்கை மாதவரின் மரபினரும் அறிந்திருந்தார்கள். எத்தனை உறுப்பில் நிறுத்துகிறோமோ, அதன் நான்கு மடங்கில் ஒரு பங்கை இறுதியில் திருத்தமாகச் சேர்ப்பது அவர்கள் வகுத்த வழிகளில் எளிமையானது. நாம் நிறுத்தியது நான்கு உறுப்பில். திருத்தம் பதினாறில் ஒன்று, அதாவது ஒரு மாகாணி. கடைசியாகக் கழித்திருப்பதால் அதைக் கூட்ட வேண்டும். 0.7238-உடன் 0.0625-ஐக் கூட்டி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். 3.145 வரும்.